பதினைந்து டாலர் இருட்டு

அக்கா மகன் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த கோடை அது. கீரனூரில் அன்று சாயங்காலம் கரண்ட் போயிருந்தது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவன் கையில் என் போனைக் கொடுத்து ‘லிம்போ’ விளையாட்டைத் திறந்துவிட்டேன். திரையில் ஒரு காடு. கறுப்பு, வெளுப்பு, நடுவே புகைமூட்டம்போலச் சாம்பல். புல்லுக்குள் ஒரு சிறுவன் கிடக்கிறான். பெயர் இல்லை, அம்புக்குறி இல்லை, என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இல்லை. அரை நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“மாமா, இது எப்ப ஆரம்பிக்கும்?”

“ஆரம்பிச்சிருச்சு. தொட்டுப் பாருடா.”

தொட்டான். சிறுவனின் கண் திறந்தது. கரிய முகத்தில் இரண்டு வெள்ளைப் புள்ளி. வலது பக்கம் நடக்கவிட்டான். “யாரச் சுடணும்?” என்றான். யாரையும் இல்லை என்றேன். கொஞ்ச தூரத்தில் புல்லோடு புல்லாகக் கிடந்த இரும்புப் பொறியில் சிறுவன் கால் வைத்தான். தலை துண்டாகி விழுந்தது. மருமகன் சிரித்தான், உடனே சிரிப்பை நிறுத்திக்கொண்டான். “சின்னப் பய மாமா” என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து போனான். ராத்திரி கரண்ட் வந்த பிறகு அவனாகவே வந்து வாங்கிக்கொண்டான். காலையில் பார்த்தால் பெரிய சிலந்தி வரும் இடம் வரைக்கும் போயிருந்தான்.

2010-இல் உலகத்து விமர்சகர்கள் லிம்போவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியதில் பாதி அந்தத் திண்ணையில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டதாக எனக்குத் தோன்றியது. ஒன்றும் சொல்லித்தராது, கொல்லும், கொன்றது மனதில் தங்கும். மீதிப் பாதி விலையைப் பற்றியது. அதைப் பிறகு பார்ப்போம்.

தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த வகை அந்நியமானதல்ல. டிவியில் மாட்டி விளையாடும் பெட்டி, அதற்குள் செருகும் ‘கேசட்’, அதன்மேல் ‘9999 இன் 1’ என்று அச்சடித்த பொய். அந்தக் கேசட்டுக்குள் இருந்த மரியோதான் நம் பக்கம் வந்த முதல் பிளாட்ஃபார்மர்: பக்கவாட்டில் ஓடு, மேடைக்கு மேடை தாவு, பள்ளத்தில் விழுந்தால் மறுபடி வா. அந்த ஓட்டத்தை மட்டுப்படுத்தி, தாவ வேண்டிய இடங்களில் புதிரை வைத்தால் பஸில் பிளாட்ஃபார்மர். பெட்டியை எங்கே இழுத்துப் போட்டு ஏறுவது, எந்தக் கயிற்றை முதலில் பிடிப்பது என்று நின்று யோசிக்க வேண்டும். பெரிய நிறுவனங்கள் முப்பரிமாண நகரங்களைக் கட்டப் போனபோது ஒதுக்கிவிட்ட இந்தப் பழைய வடிவத்தைச் சிறு குழுக்கள் எடுத்துக்கொண்டன. நகரம் கட்ட நூறு பேர் வேண்டும். பக்கவாட்டுக் காடு ஒன்றை நாலைந்து பேர் வைத்துக்கொண்டு வளர்த்துவிடலாம்.

முதல் பெரிய அலை, 2008 ஆகஸ்டில் வந்த ‘பிரெய்ட்’. ஜொனாதன் ப்ளோ என்ற அமெரிக்கர் ஏறக்குறைய 2 லட்சம் டாலர் சொந்தக் காசைப் போட்டுச் செய்தது. விளையாடுபவர் காலத்தைப் பின்னோக்கிச் சுற்றலாம். செத்தாலும் செத்ததைத் திருப்பிக்கொள்ளலாம். மதிப்பெண்கள் குவிந்தன. பல மதிப்புரைகளின் சராசரியைக் கணக்கிடும் மெட்டாக்ரிட்டிக்கில் 90-ஐத் தாண்டியது. இவ்வளவு புகழ் வந்த பிறகும் ப்ளோ வாடிப்போயிருந்தார். புகழ்ந்தவர்களும் தான் சொல்லவந்ததைப் பிடிக்கவில்லை என்பது அவர் குறை. 2012-இல் வந்த ‘இண்டி கேம்: த மூவி’ ஆவணப்படத்தில் அந்த முகத்தைப் பார்க்கலாம். நம்மூரில் நல்ல மதிப்புரை வந்தும் முகம் தொங்கிக்கிடக்கும் கவிஞர்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஆச்சரியம் இருக்காது.

பிரெய்டின் விலை அப்போது 1200 மைக்ரோசாஃப்ட் பாயிண்ட். அதாவது 15 டாலர். நாலைந்து மணி நேரத்தில் முடிகிற ஒன்றுக்கு இவ்வளவா என்ற முணுமுணுப்பு அன்று தொடங்கியது. இன்னும் ஓயவில்லை.

2010 ஏப்ரலில் திரைப்பட விமர்சகர் ரோஜர் ஈபர்ட், வீடியோ கேம் ஒருபோதும் கலையாகாது என்று கட்டுரை எழுதினார். கெல்லி சாண்டியாகோ என்ற வடிவமைப்பாளரின் உரைக்கு எதிர்வினை அது; அவர் காட்டிய உதாரணங்களில் பிரெய்டும் ஒன்று. காலத்தைத் திருப்புவதைச் சதுரங்கத்தில் நகர்த்திய காயைத் திரும்ப எடுத்துக்கொள்வதோடு ஒப்பிட்டார் ஈபர்ட். அப்படி எடுத்தால் ஆட்டத்தின் ஒழுங்கே போய்விடாதா என்று கேட்டார். ஆயிரக்கணக்கில் கண்டனம் வந்த பிறகு ஜூலை முதல் தேதி கொஞ்சம் இறங்கிவந்தார்: விளையாடிப் பார்க்காமல் பேசியிருக்கக் கூடாது என்று. சரியாக 20 நாள் கழித்து, ஜூலை 21 அன்று, லிம்போ வந்தது. விமர்சகர்கள் எல்லாரும் ஈபர்ட்டுக்குப் பதில் சொல்லக் கை துறுதுறுத்துக்கொண்டிருந்த நேரம். லிம்போவுக்குக் கிடைத்த வரவேற்பில் அந்தத் துறுதுறுப்புக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். கலை என்று தூக்கிக் காட்ட ஒன்று தேவைப்பட்டது. கறுப்பு வெள்ளையில் இருந்தால் இன்னும் வசதி.

லிம்போவைச் செய்தது டென்மார்க்கின் கோபன்ஹேகனில் 2006-இல் தொடங்கிய பிளேடெட் என்ற சிறு நிறுவனம். ஆர்ன்ட் யென்சன் என்பவர் பெரிய நிறுவன வேலை அலுத்துப்போய்ச் சில ஓவியங்களை வரைந்தார். அவற்றை ஒரு சிறு படமாக்கி, கணினி நிரல் எழுத ஆள் கிடைக்குமா என்று வெளியிட்டார். டினோ பாட்டி வந்து சேர்ந்தார். காடு, யென்சன் பிள்ளைப்பிராயத்தில் பார்த்த பண்ணைப்புறத்துக் காடு. சிலந்தி, அவருடைய சொந்தச் சிலந்திப் பயம். கதை என்று கொடுக்கப்பட்டது சகோதரியைத் தேடி இருட்டுக்குள் போகும் ஒரு சிறுவன் என்ற அளவுக்குத்தான். அதுவும் விளம்பரத்தில் இருந்தது, விளையாட்டுக்குள் அதைச் சொல்ல ஒரு வரி கிடையாது.

மெட்டாக்ரிட்டிக்கில் 90. விமர்சகர்கள் ஜெர்மானிய எக்ஸ்பிரஷனிசப் படங்களை இழுத்தார்கள், ஃபிலிம் நுவாரை இழுத்தார்கள். ‘அட்மாஸ்பியர்’ என்ற சொல் இல்லாத மதிப்புரையைத் தேடிப்பிடிக்க வேண்டும். குறை என்று இரண்டு சொன்னார்கள். ஒன்று, சட்டென்று முடிந்துவிடுகிறது, 15 டாலருக்குப் போதாது. இன்னொன்று நுட்பமானது: முதல் பாதியின் காடும் சிலந்தியும் தரும் அச்சம், பின் பாதியின் தொழிற்சாலையில் இல்லை, அங்கே சுவிட்ச், பற்சக்கரம், தலைகீழாகும் புவியீர்ப்பு என்று வெறும் புதிராகப் போய்விடுகிறது. இந்த இரண்டாவது குறையை நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். காட்டில் பயம் இருக்கிறது. தொழிற்சாலையில் பரீட்சை நடக்கிறது.

ஆனால் ஏன் அப்படி ஆயிற்று என்பதைப் பார்க்க ‘அட்மாஸ்பியர்’ என்ற சொல்லே திரையாக நின்று மறைத்துவிட்டது. தமிழ் விமர்சனத்துக்கு இந்தச் சங்கடம் பழக்கமானது. மௌனியின் 24 கதைகளைச் சுற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாக எழுதப்பட்டதில் அக உலகம், மயக்கம், சொல்லுக்கு அப்பாற்பட்டது என்பவை எத்தனை முறை திரும்பத் திரும்ப வருகின்றன! அந்த வாக்கியங்கள் எங்கே இடறுகின்றன, இடறும் இடத்தில் என்ன பிறக்கிறது என்று விரல் வைத்துக் காட்டியவர்கள் குறைவு. மூடுபனி என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது.

லிம்போவில் விரல் வைத்துப் பார்க்கலாம். முன்னால் இருக்கும் எல்லாமே கறுப்பு: புல், கிளை, சிறுவன், பொறி. பின்னால் இருப்பது சாம்பல். ஆகவே புல்லில் பல் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு, பார்வைக்குப் புல்தான். கறுப்பின்மேல் கறுப்பு. மருமகன் அதில் கால் வைத்ததற்கு அவன் கவனக்குறைவு காரணமில்லை. பார்க்க முடியாதபடி வரையப்பட்டிருந்தது. ஒருமுறை செத்த பிறகு அதே புல் வேறு மாதிரித் தெரியும். அந்த வேறு மாதிரித் தெரிவதைத்தான் நாம் பயம் என்கிறோம். காட்டில் அழகும் புதிரும் வேறுவேறல்ல, இருட்டே புதிர். தொழிற்சாலைக்கு வந்ததும் இருட்டு வெறும் வர்ணமாகிவிடுகிறது. சுவிட்சுகளை வெளிச்சம்போட்டு மஞ்சள் நிறத்தில் வரைந்திருந்தாலும் அந்தப் புதிர்கள் அப்படியே வேலை செய்யும். மதிப்புரைப் பட்டியலில் காட்சிக்கு ஒரு கட்டம், ஒலிக்கு ஒரு கட்டம், விளையாட்டுக்கு ஒரு கட்டம் என்று பிரித்து மதிப்பெண் போடும் பழக்கம் இருந்தவரை இதைச் சொல்லவே இடமில்லை. (யூரோகேமர் தளம் 2015 பிப்ரவரியில் மதிப்பெண்ணை விட்டொழித்தது. பிறகு 2023-இல் நட்சத்திரத்தோடு திரும்பிவந்தது. நட்சத்திரம் இல்லாமல் வாசகர் கடைசிப் பத்திக்குப் போகமாட்டார் போலும்.)

இங்கே ஒரு சபலத்தைத் தாண்டிப் போக வேண்டியிருக்கிறது. லிம்போவின் நிழலுருவங்களைப் பார்த்ததும் தோல்பாவைக்கூத்து என்று எழுதக் கை வரும். நானும் ஒருமுறை ஒரு கூட்டத்தில் அப்படிப் பேசியிருக்கிறேன். தவறு. தமிழ்நாட்டுத் தோல்பாவை, ஒளி ஊடுருவும்படி பதப்படுத்திச் சாயம் ஏற்றியது. திரையில் விழுவது சிவப்பும் பச்சையும். கரிய நிழல் வேண்டுமென்றால் மலையைத் தாண்டிக் கேரளத்துக்குப் போக வேண்டும், அங்குள்ள தோல்பாவைதான் ஒளி புகாதது. நிழலாட்டத்தை நேரடியாகக் கையில் எடுத்த இந்திய விளையாட்டு வேறொன்று: பூனாவின் நாடிங் ஹெட்ஸ் குழு 2020-இல் கொண்டுவந்த ‘ராஜி’. கதை சொல்லும் இடங்களில் பாவை நிழல்கள் வருகின்றன. 2017-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டுநிதித் தளத்தில் கேட்ட பணம் சேரவில்லை, எப்படியோ முடித்தார்கள். ஓவியத்தையும் கட்டடங்களையும் புகழ்ந்தவர்கள் சண்டை சலிக்கிறது, சீக்கிரம் முடிகிறது என்றார்கள். எனக்கும் சண்டை சலித்தது. 2021-இல் பிளேபே என்ற இந்தியக் குழு செய்த ‘இன் மை ஷேடோ’ பெயர் அவ்வளவாக அடிபடாதது, ஆனால் யோசனை நேரானது: வீட்டுச் சாமான்களை நகர்த்தினால் சுவரில் விழும் நிழல் மாறும், அந்த நிழலின்மேல்தான் தாவ வேண்டும். புகழ் பெற்ற ராஜியில் நிழல் அலங்காரம். இதில் நிழல்தான் தரை.

ஒலிக்கு வருவோம். லிம்போவுக்கும் அடுத்து வந்த ‘இன்சைட்’டுக்கும் ஒலி அமைத்தவர் மார்ட்டின் ஸ்டிக் ஆண்டர்சன். ‘இப்போது பயப்படு, இப்போது அழு’ என்று இசை ஆணையிடக் கூடாது என்பதில் பிடிவாதமானவர். லிம்போவில் மெட்டு என்று ஒன்று அநேகமாக இல்லை. இரைச்சல், காற்று, தூரத்தில் ஏதோ உலோகம். இன்சைட்டில் ஒருபடி மேலே போனார். நம் குரல் நமக்கே எலும்பு வழியாகக் கேட்பதுபோல ஒலி இருக்க வேண்டும் என்று ஒரு உண்மையான மனித மண்டையோட்டின் வழியாக ஒலிகளைச் செலுத்திப் பதிவு செய்தார். படித்தபோது வித்தைக்காரத்தனமாகப் பட்டது. பிறகு சித்தன்னவாசல் போயிருந்தேன். கீரனூர்க்காரர்களுக்கு அது பக்கத்து வீடு மாதிரி, அதனாலேயே போவதில்லை. குடைவரையின் உள்ளறையில் நின்று உதடு திறக்காமல் ‘ம்ம்’ என்றால், சரியான சுருதி கிடைத்ததும் அறை முழுக்க நிரம்பித் திரும்பிவரும். வாயிலிருந்து வருகிறதா, பாறையிலிருந்து வருகிறதா, தலைக்குள்ளேயே இருக்கிறதா என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து ஹெட்போன் மாட்டி இன்சைட்டின் நீரடிக் காட்சியை மறுபடி கேட்டேன். மண்டையோடு எதற்கு என்று புரிந்தது.

இன்சைட் 2016 ஜூன் 29 அன்று வெளியானது. சிவப்புச் சட்டைச் சிறுவன், துரத்தும் ஆட்கள், மந்தைபோல நடக்கும் மனிதர்கள். விமர்சன வரவேற்பில் லிம்போவைத் தாண்டியது, 2017-இல் பிரிட்டனின் பாஃப்டா விருதுகளில் நான்கை அள்ளியது. அவற்றில் ஒன்று கதைசொல்லலுக்கு. ஒரு சொல்லும் இல்லாத படைப்புக்கு! அதன் முடிவைப் பற்றி எழுதப்பட்ட விளக்கங்களை ஒரு தொகுதியாகவே போடலாம். சிறுவனை நடத்துவது யார், நாமா, முடிவில் வரும் பெருந்தசைக் கோளமா என்று. பல விளக்கங்கள் விளையாட்டைவிட நீளம். பிளேடெட்டின் பாதையில் வந்த மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். சுவீடனின் ‘லிட்டில் நைட்மேர்ஸ்’ 2017. பயம் நன்று, கட்டுப்பாடு வழுக்கல் என்றார்கள். பார்சிலோனாவின் ‘கிரிஸ்’ 2018. நீர்வண்ண ஓவியம், சாவே கிடையாது. அழகு மட்டும் போதுமா என்று விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். எனக்குப் போதவில்லை. ஒவ்வொரு திரையும் சட்டம் போட்டு மாட்டலாம் போல இருக்கும், எதிலும் கால் தடுக்காது.

இனி அந்தப் பாக்கிக் கணக்கு: நேரமும் விலையும். 2012-இல் வந்த ‘ஜர்னி’ இரண்டு மணி நேரம்தான். அதன் இசைத்தொகுப்பு, சிறந்த பின்னணி இசைக்கான கிராமிப் பரிந்துரை பெற்ற முதல் வீடியோ கேம் இசைத்தொகுப்பு ஆனது. அதன் விலையும் 15 டாலர். ஜேசன் ரோரரின் ‘பேசேஜ்’ ஐந்தே நிமிடம், ஒரு ஆயுள் முழுக்க அதில் போய்விடும். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 2012-இல் முதன்முதலாகச் சேகரித்த 14 விளையாட்டுகளில் அதுவும் ஒன்று. அங்கெல்லாம் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. கடை மட்டும் பார்த்தது. 2015 ஜூனில் ஸ்டீம் என்ற இணையக் கடை ஒரு விதி கொண்டுவந்தது: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் வாபஸ். மோசடிச் சரக்கிலிருந்து வாங்குபவரைக் காப்பாற்றும் நியாயமான விதிதான். ஆனால் முழுதும் முடித்துவிட்டு, ‘நல்லா இருந்தது’ என்று எழுதியும் வைத்துவிட்டு, பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள அது வழிசெய்தது. 2021-இல் ‘சம்மர் ஆஃப் 58’ என்ற குறுந்திகில் விளையாட்டைச் செய்தவர், இந்தக் காரணத்தைச் சொல்லியே தொழிலைவிட்டு விலகுவதாக அறிவித்தார். சாப்பிட்டு இலையை மடித்த பிறகு கல்லாவில் காசைக் கேட்பது மாதிரி. விமர்சகர்கள் ‘குறுகியது’ என்பதைக் குறைகளின் வரிசையில் எழுதி எழுதி இதற்குப் பாய் விரித்தார்கள் என்பது என் மனத்தாங்கல்.

2023 டிசம்பரில் த கேம் அவார்ட்ஸ் மேடையில், முதல் படைப்புக்கான இண்டி (சுயாதீன) விருதுப் பட்டியலில் இரண்டு பெயர்கள் சேர்ந்து இருந்தன. ஒன்று ‘கொக்கூன்’: லிம்போ, இன்சைட் இரண்டுக்கும் புதிர்களை வடிவமைத்த யெப்பே கார்ல்சன் பிளேடெட்டைவிட்டு வந்து செய்தது. அதுவே வென்றது. இன்னொன்று ‘வெண்பா’. டொராண்டோவின் விசை கேம்ஸ், வடிவமைத்தவர் அபி. எண்பதுகளில் கனடாவுக்குப் போன தமிழ்த் தம்பதி வெண்பாவும் பாவலனும், அவர்கள் மகன் கவின். இதில் தாவல் இல்லை, சமையல்தான். வெண்பாவின் அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பேடு கிழிந்தும் கறைபட்டும் கிடக்கிறது. அழிந்த வரியை ஊகித்துச் சமைக்க வேண்டும், அதுதான் புதிர். ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் முடியும். விலையைக் கேட்கவே வேண்டாம்: 15 டாலர்.

மெட்டாக்ரிட்டிக்கில் 80-ஐ ஒட்டி. குறை என்று வந்தது மறுபடியும் அதே: குறுகியது, இன்னும் நாலு பதார்த்தம் இருந்திருக்கலாம். ஆனால் 2024 மார்ச்சில் சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசான சீமஸ் மெக்நாலி விருது, ஏப்ரலில் முதல் படைப்புக்கான பாஃப்டா. தமிழ்ப் பெயர் கொண்ட ஒரு விளையாட்டு அந்த மேடைகளில் ஏறியதைப் பற்றி நான் படிக்கும் சிற்றிதழ்கள் எதிலும் ஒரு பத்தி பார்க்கவில்லை. இதே இதழ்கள் புலம்பெயர் நாவல் என்றால் சிறப்பிதழ் போடும்.

வெண்பாவை மேலை விமர்சகர்கள் ‘நெகிழ்ச்சி’ என்ற ஒற்றைச் சொல்லில் வாரிக்கொண்டார்கள். லிம்போவுக்கு அட்மாஸ்பியர் என்றால் இதற்கு நெகிழ்ச்சி. ஆனால் அதன் அழிந்த வரிகளும் லிம்போவின் கறுப்புப் புல்லும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று நினைக்கிறேன். வளர்ந்த கவின் அம்மாவின் தமிழ்க் கையெழுத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்துச் சமைக்கிற கட்டத்தில், தெரியாத சொல்லே தடையாக நிற்கிறது. துக்கத்துக்கு ஒரு கட்டம், புதிருக்கு ஒரு கட்டம் என்று பிரிக்க வழியில்லை. பார்க்க முடியாததும் படிக்க முடியாததும் ஒன்றுதான். இங்கே தலை உருளவில்லை, இட்லி கெட்டுப்போகிறது.

போன தைக்கு அதை மடிக்கணினியில் போட்டு, மருமகனை விளையாடச் சொன்னேன். முதல் புதிர் இட்லி: தட்டுகளை எப்படி அடுக்கினால் ஆவி ஒழுங்காகப் போகும் என்பது. குறிப்பேட்டில் அந்த இடம் அழிந்திருக்கிறது. மதிப்புரைகளில் இதைப் பிடிபட்டதும் ‘அட’ என்று வியக்கவைக்கும் புதிர் என்று எழுதியிருந்ததைப் படித்திருக்கிறேன். மருமகன் யோசித்தான். பின்னால் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள்:

“குழிமேல குழிய வச்சா மேல் தட்டு இட்லிய அமுக்கிரும்டா. திருப்பி வையி.”

திருப்பி வைத்தான். சரியாகிவிட்டது. இதில் என்ன விளையாட்டு என்று அக்காவுக்குப் புரியவில்லை. உலகம் முழுக்க இருட்டாகத் தெரிந்த இடம் அவளுக்குப் பட்டப்பகல். கீரையை ஒதுக்கிவிட்டுக் கிட்டே வந்து உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே டொராண்டோ என்று காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள்.

“ஏண்டா, அந்தக் குளிர்ல மாவு எப்படிப் பொங்குச்சு?”

“அம்மா, அது கேமும்மா.”

“கேம்னாலும் மாவு பொங்கணும்ல.”